கம்பெனியும் யூனியனும்: வடசென்னையில் இரண்டு ஆங்கிலச் சொற்களின் பொருள் வரலாறு

ஆங்கில அகராதியில் ‘கம்பெனி’ என்ற சொல்லுக்குப் பொருள் பல. கூட இருப்பவர், வீட்டுக்கு வந்த விருந்தினர், படையின் ஒரு பிரிவு, ஒரு கப்பலின் மாலுமிகள் அனைவரும், நாடகக் குழு, வணிக நிறுவனம் என்று அது விரியும். ‘யூனியன்’ அதற்குச் சளைத்ததல்ல. இணைவு, திருமணம், நாடுகளின் கூட்டு, தொழிலாளர் அமைப்பு, கணிதத்தில் கணங்களின் சேர்ப்பு, குழாயின் இணைப்புறுப்பு, கொடியின் மேல்மூலைச் சின்னம் எல்லாம் அதில் அடங்கும். முதற்சொல்லின் லத்தீன் வேரில் ‘ரொட்டியைச் சேர்ந்து உண்பவர்’ என்ற பொருள் உண்டு. இரண்டாவதன் வேர் ‘ஒன்று’. பெரிய ஒற்றை முத்தையும் லத்தீனில் இதே சொல்லால் குறித்தார்கள். ஷேக்ஸ்பியர் ‘ஹாம்லெட்’ நாடகத்தின் கடைசிக் காட்சியில் அந்தப் பொருளில் கையாள்கிறார்.

இரண்டுமே மனிதர் கூடுவதைச் சொல்லும் சொற்கள். ஆனால் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை யாரிடம் கேட்டாலும் அவை எதிரெதிர்த் தரப்பைக் குறிக்கும். கம்பெனி ஒன்று சொல்லும், யூனியன் வேறொன்று சொல்லும். அகராதியில் பக்கத்து வீட்டுக்காரர்களாக இருக்கும் இச்சொற்கள் இந்த மண்ணில் எப்படி எதிரெதிரே நின்றன என்பதே இக்கட்டுரையின் கேள்வி. விடையைச் சுருக்கமாக முன்வைக்கிறேன்: வடசென்னையில் ‘கம்பெனி’ தனக்குள் இருந்த மனிதரை இழந்து இடமாகவும் உடைமையாகவும் மாறியது, அப்படி வெளியே விடப்பட்ட மனிதரை ‘யூனியன்’ ஏற்றுக்கொண்டது.

1600-இல் லண்டனில் சாசனம் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனி 1639-இல் இக்கரையில் இடம் பெற்றது. தமிழில் அது ‘கும்பினி’ ஆயிற்று. மரியாதை சேர்த்துச் சொன்னால் ‘கும்பினியார்’. இந்த ‘ஆர்’ விகுதி முக்கியமானது. கண்காணாத தூரத்தில் இருந்த பங்குதாரர் கூட்டத்தைத் தமிழ் பேசியவர்கள் ஆட்களாகவே, அதிகாரம் உள்ள ஆட்களாகவே கண்டார்கள். கும்பினியாரிடம் மனுக் கொடுக்கலாம், கும்பினியார் உத்தரவிடுவார்கள், கோபமும் கொள்வார்கள். வடசென்னையின் பழைய பேட்டைகள் பல கும்பினியின் துணி வாணிபத்தால் எழுந்தவை. நெய்த துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த இடம் வண்ணாரப்பேட்டை. 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலெட், திருவொற்றியூரில் நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர் அவர் பெயரால் காலெட்பேட்டை ஆகி, மக்கள் வாயில் காலடிப்பேட்டை என்று நிலைத்தது.

அந்தக் காலத்துக் கும்பினிக் கொடியை ஒரு கணம் கூர்ந்து பார்க்க வேண்டும். சிவப்பும் வெள்ளையுமான கிடைக்கோடுகள். 1707-இல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஒன்றானபின் அதன் மேல்மூலையில் பிரிட்டனின் யூனியன் சின்னம் இடம்பெற்றது. கொடிநூலார் அந்த மூலைச் சின்னத்தையே ‘யூனியன்’ என்பார்கள். அதாவது, நாம் பார்க்கும் இரண்டு சொற்களும் இக்கடற்கரையில் முதலில் ஒரே துணியில், ஒரே அதிகாரத்தின் அடையாளமாகப் பறந்தன. பகை பிற்பாடு வந்தது.

1858-இல் ஆட்சி அரசியின் கைக்குப் போயிற்று. 1874-இல் கும்பினியே கலைக்கப்பட்டது. ஆனால் சொல் அழியவில்லை, இரண்டாகப் பிரிந்தது. ‘கும்பினி’ பழைய ஆட்சியாளருக்கென்று நின்றுவிட, புதிய வணிக அமைப்புகளுக்குக் ‘கம்பெனி’ என்ற ஒலிப்பு வழங்கலாயிற்று. 1856 ஜூலை 1-ஆம் நாள் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயிலை ஓட்டியது மதராஸ் ரயில்வே கம்பெனி. நாடகக் கம்பெனிகளும் வந்தன. பாய்ஸ் கம்பெனி என்றால் ஒன்றாகச் சமைத்துண்டு ஊர் ஊராகப் போன சிறுவர் கூட்டம். லத்தீன் வேரின் பொருளுக்கு மிக நெருங்கிய தமிழ் வழக்கு இதுதான் என்பேன். இன்றும் தேர்தல் நேரத்தில் ‘துணை ராணுவம் இத்தனை கம்பெனி வந்தது’ என்று நாளிதழ்கள் எழுதும்போது அங்கே கம்பெனி என்பது ஆட்கள்தான், கட்டடமல்ல.

வ.உ.சிதம்பரம் பிள்ளையின் வாழ்க்கையில் இந்த இரு சொற்களின் கதையும் சந்திக்கிறது. 1906-இல் தூத்துக்குடியில் அவர் தொடங்கியது சுதேசிக் கப்பல் கம்பெனி. வெள்ளையரின் ஆயுதமாக இருந்த வடிவத்தையே எடுத்து, உள்ளூர் மக்களிடம் பங்கு விற்றுக் கப்பல் வாங்கினார். 1908-இல் அதே ஊரில் கோரல் மில் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்கும் அவரே தலைமை தாங்கினார். அவர்களுக்கு அன்று யூனியன் என்ற அமைப்பு இல்லை. கூட்டம் இருந்தது, கோரிக்கை இருந்தது, தலைவர் இருந்தார். பிறகு சிறை சென்று, மீண்டு, சென்னைக்கு வந்து பெரம்பூரிலும் வாழ்ந்த வ.உ.சி., இங்கே தொழிலாளர் இயக்கத்தில் பங்கெடுத்தார். ஒரே மனிதர் கம்பெனியும் நடத்தி, ஆலைத் தொழிலாளர் பக்கமும் நின்றதில் அன்று யாருக்கும் முரண் தெரியவில்லை. சொற்கள் இன்னும் இறுகாத காலம் அது.

இறுகியது பெரம்பூரில். பின்னி கம்பெனியின் நிர்வாகத்தில் இருந்த பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர் அங்கே முதலில் கூடிய இடம் ஒரு பக்திச் சபை. ஸ்ரீ வெங்கடேச குணாமிர்த வர்ஷணி சபா என்பது அதன் பெயர். அதை நடத்திவந்த கோ. செல்வபதி செட்டியாரும் கோ. இராமானுஜலு நாயுடுவும் ஆலைக்காரர் குறைகளைக் கேட்டுக் கேட்டு, 1918 மார்ச்சில் தமிழறிஞர் திரு.வி.க.வை அழைத்துப் பேசவைத்தார்கள். ஏப்ரல் 27-ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. தலைவர் பி.பி. வாடியா. ஆங்கிலத்தில் அது லேபர் யூனியன், தமிழில் சங்கம். ‘சபா’ ‘சங்கம்’ ஆன அந்த எட்டு வாரத்தில் கேட்பவர்கள் உறுப்பினர்களானார்கள். உபன்யாசத்துக்கு வந்து உட்கார்ந்தவர்கள் சந்தா கட்டினார்கள். திரு.வி.க.வின் மேடைத் தமிழ் ‘தொழிலாளர்’ என்ற சொல்லுக்கு ஒரு கம்பீரம் கொடுத்தது. ஆனால் தெருவில் ‘சங்கம்’ பக்கத்திலேயே ‘யூனியன்’ தானும் நின்றது. இன்றும் அறிவிப்புப் பலகையில் சங்கம், பேச்சில் யூனியன் என்ற பங்கீடு தொடர்கிறது.

1920-இல் பின்னி நிர்வாகம் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போயிற்று. வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளரைத் தூண்டினார்கள் என்று வாடியா உள்ளிட்டோர்மீது வழக்கு, தடையாணையும் கிடைத்தது. சட்டத்தின் கண்ணில் கம்பெனி ஒரு ‘ஆள்’, வழக்குத் தொடுக்கலாம். யூனியனோ பெயரற்ற வெறும் கூட்டம், அதன் தலைவர்கள் தனியாட்களாகக் கூண்டில் நிற்க வேண்டும். இந்த வழக்கு எழுப்பிய அதிர்ச்சியின் தொடர்ச்சியாகவே தொழிற்சங்கத் தலைவர் என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் குரல் கொடுத்தார். 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. இதற்கிடையே 1921-இல் அதே ஆலைகளின் நீண்ட வேலைநிறுத்தம் சாதி வழியில் தொழிலாளரைப் பிளந்து, புளியந்தோப்பில் ரத்தம் சிந்த வைத்தது. ‘ஒன்று’ என்ற வேரிலிருந்து வந்த சொல்லுக்கு வடசென்னை வைத்த மிகக் கடுமையான சோதனை அது. அந்தப் பிளவைப் பேசாமல் சங்க வரலாறு எழுதுவது முழு வரலாறாகாது. 1923 மே 1 அன்று சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே நாள் கொண்டாடியபோது அந்தக் காயம் ஆறியிருக்கவில்லை.

1926 சட்டத்தை 1913-இன் இந்தியக் கம்பெனிச் சட்டத்தோடு சேர்த்து வைத்துப் படித்தால் ஒரு செய்தி கண்ணில் படும். பொதுக் கம்பெனி தொடங்க ஏழு பேர் கையெழுத்திட வேண்டும். தொழிற்சங்கம் பதிவு செய்யவும் ஏழு பேர். பதிவானபின் இரண்டுமே சட்டப்படி ஓர் உடல்: ஆட்கள் மாறினாலும் தொடர்ந்து வாழும், பொது முத்திரை வைத்திருக்கும், சொத்து வாங்கும், வழக்காடும். சட்டம் எழுதியவர்கள் இரண்டையும் ஒரே அச்சில் வார்த்தார்கள். வாழ்க்கைதான் அவற்றை வேறாக்கியது. 2001 திருத்தத்துக்குப் பின் சங்கத்துக்கு ஏழு பேர் போதாது. அந்த இடத்தில் வேலை செய்வோரில் பத்தில் ஒரு பங்கோ நூறு பேரோ, எது குறைவோ அத்தனை பேர் வேண்டும் என்றானது. கம்பெனிக்கு அப்படி ஒரு படி ஏற்றப்படவில்லை.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் இந்த வட்டாரம் ஆலைகளால் நிரம்பியது. 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கியது பின்னாளில் எம்.ஆர்.எஃப். 1948-இல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ். 1955-இல் அசோக் லேலண்டு. அதே 1955-இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு. தீப்பெட்டிக்கு ஏற்கெனவே விம்கோ இருந்தது. இந்தப் பத்தாண்டுகளில்தான் சொல்லின் இலக்கணம் மாறியது. ‘கம்பெனிக்குப் போயிருக்கார்’ என்றால் ஆலைக்குப் போயிருக்கிறார். கம்பெனி சங்கு ஊதும், கம்பெனி பஸ் வரும், கம்பெனி கேட்டில் நிற்கலாம். ‘கும்பினியார்’ போல் ‘கம்பெனியார்’ என்று யாரும் சொல்வதில்லை. உயர்திணை அஃறிணையாயிற்று. ஆட்களைச் சொல்ல வேண்டுமானால் ‘கம்பெனிக்காரங்க’, அதாவது நிர்வாகத்தார். ‘கம்பெனி ஆள்’ என்பது வேறு: நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்த ஆள் அல்லாதவர். பெண் கொடுக்கும் வீட்டில் மாப்பிள்ளை கம்பெனி ஆளா, கான்ட்ராக்டா என்று கேட்கும்போது ஒரு குடும்பத்தின் முப்பதாண்டு அந்த விடையில் இருக்கிறது.

யூனியனோ கடைசிவரை ஆட்களாகவே இருக்கிறது. ‘யூனியன் பேசிட்டு இருக்கு’, ‘யூனியன்ல கேட்டுச் சொல்றேன்’, ‘யூனியன் விட்டுக் கொடுக்காது’. அஃறிணை முடிவு இருந்தாலும் செய்யும் வினைகள் எல்லாம் மனித வினைகள்: பேசும், கேட்கும், கோபித்துக்கொண்டு வெளிநடக்கும். கேட் மீட்டிங்கில் ஷிப்டு மாறும் இருபது நிமிடத்துக்குள் போனஸ் கணக்கை உரத்துச் சொல்லும் குரல் அதனுடையது.

சொல்லின் மற்றப் பொருள்களும் இதே சாலையில் புழங்குகின்றன. திருவொற்றியூர் நெடுஞ்சாலையின் ஹார்டுவேர் கடையில் ‘ஒரு இஞ்ச் யூனியன்’ கேட்டால் இரும்பு உறுப்பொன்றை எடுத்து வைப்பார்கள். இரண்டு முனைகளிலும் உள்மரை, நடுவே அறுகோண நட்டு. எல்போவும் கப்ளிங்கும் போட்ட குழாயைப் பிரிக்க வேண்டுமானால் முனையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி வர வேண்டும்; யூனியன் போட்ட இடத்தில் அந்த நடு நட்டைத் தளர்த்தினால் போதும், குழாய் அங்கேயே இரண்டாகும். பழுது பார்க்கும் ஃபிட்டருக்கு யூனியன் என்றால் வேண்டும்போது பிரிக்க வசதியான சேர்க்கை. அரசமைப்பின் முதல் கூற்றில் உள்ள யூனியன் இதற்கு நேர் எதிர். அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசமைப்பு அவையில், கூட்டாட்சி என்ற சொல்லை விட்டு அதைத் தேர்ந்ததற்கு மாநிலங்களுக்குப் பிரிந்துபோகும் உரிமை இல்லை என்பதையே காரணமாகச் சொன்னார். மத்திய அரசை ‘ஒன்றிய அரசு’ என்று அழைப்பது பற்றி 2021-இல் நடந்த விவாதத்தில் இரு தரப்பும் இந்த உரையைத் திரும்பப் படித்திருந்தால் நன்றாயிருக்கும்.

கொசஸ்தலை ஆற்றுக்கு வடக்கே போனால் அத்திப்பட்டிலும் காட்டுப்பள்ளியிலும் யூனியன் என்பது மீஞ்சூர் ஊராட்சி ஒன்றியம். 1958 சட்டத்தின் வழி வந்த அந்தப் பொருளில் யூனியன் ஆபீஸ் இருக்கிறது, யூனியன் சேர்மன் என்ற பதவி இருக்கிறது. திருவொற்றியூரில் எவரெடி பேட்டரி செய்த யூனியன் கார்பைடின் பெயரில் உள்ள யூனியனோ 1917-இல் பல நிறுவனங்களைத் தன்னோடு சேர்த்துக்கொண்ட ஒரு பெருநிறுவனத்தின் அடையாளம். தொழிலாளர் சொல் என்று நாம் உரிமை கொண்டாடுவதை ஒரு கம்பெனி தன் வாயிலில் எழுதி வைத்திருந்தது.

அண்மைக் காலத்தின் பெரிய மாற்றம் துறைமுகத்தில் நிகழ்ந்தது. சென்னைத் துறைமுகம் நீண்ட காலம் டிரஸ்ட், அதாவது பொறுப்புக் கழகம். 2001 பிப்ரவரியில் பிரதமர் வாஜ்பாய் நாட்டுக்கு அளித்த எண்ணூர் துறைமுகம், நாட்டின் பெருந்துறைமுகங்களில் முதன்முதலாகக் கம்பெனிச் சட்டத்தின்கீழ் பதிவானது. இப்போது காமராஜர் துறைமுகம். துறைமுகமே கம்பெனி ஆன இந்த நிகழ்வுக்குப் பின், ‘போர்ட் டிரஸ்ட் வேலை’ என்ற பழைய உறுதி வடக்கே செல்லுபடியாகவில்லை. சரக்கு இறங்குகிறது, ஏறுகிறது. கையாள்பவர் ஒரு கம்பெனி, இயந்திரம் ஓட்டுபவர் வேறொரு கம்பெனியின் ஒப்பந்த ஆள். ஒரு வாயிலுக்குள் எத்தனை கம்பெனி என்று உள்ளே வேலை செய்பவருக்கே தெளிவில்லாத இடத்தில் யூனியன் யாரிடம் பேசும்? சொல் தேய்வது இப்படித்தான்.

தேய்ந்தாலும் சொல் ஊரில் ஒட்டிக்கொள்கிறது: விம்கோ நகர் மெட்ரோ நிலையம் 2021-இல் திறக்கப்பட்டது. விம்கோ என்ற பெயரின் கடைசி எழுத்தான ‘கோ’, கம்பெனி என்பதன் சுருக்கம். தீப்பெட்டிக்காகப் பிறந்த சொல் இப்போது ஊர்ப்பெயர்.

இந்த வரலாற்றின் சான்றுகள் நூலகத்தில் குறைவு, வீடுகளில் அதிகம். ஓய்வுபெற்ற தொழிலாளியின் இரும்புப் பெட்டியில் சந்தா ரசீது, கேட் மீட்டிங் துண்டறிக்கை, ஒப்பந்தப் பிரதி, தேர்தல் நோட்டீஸ் இருக்கும். பேரப்பிள்ளைகள் அவற்றைப் பழைய பேப்பர்க்காரரிடம் போடும் முன், தமிழ்த்துறை மாணவர்களும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து அவற்றைத் திரட்டிப் படியெடுத்து வைக்க வேண்டும். தமிழ் அகராதி தொகுப்பவர்கள் ‘கம்பெனி’, ‘யூனியன்’ என்ற தலைச்சொற்களின் கீழ் பெரம்பூரும் திருவொற்றியூரும் கொடுத்த பொருள்களை வருடத்தோடு பதிய வேண்டும்.