காவலும் நம்பிக்கையும்: ஹவாய், அலாஸ்கா தொண்டர் படைகளின் வரலாறு

பகைவர் கவர்ந்து சென்ற ஆநிரைகளை ஊரவர் எழுந்து சென்று மீட்டு வரும் வீரத்தைத் தமிழ் இலக்கணம் கரந்தை எனக் குறித்தது. தொல்காப்பியர் அதனை வெட்சியுள் அடக்கினார். புறப்பொருள் வெண்பாமாலை அதனைத் தனித் திணையாக்கியது. வீழ்ந்தவனுக்குக் கல்லெடுக்கும் மரபினை இரு நூல்களுமே பேசுகின்றன. ஊருக்காகத் தானே எழுந்து சென்றவனை ஊர் மறவாதிருத்தல் கடன் என்னும் கருத்து அம்மரபின் அடியில் உள்ளது. அவ்வாறு எழுந்து வந்தவனை அரசு தன்னவன் என ஏற்க மறுத்தால் என்னாகும்? ஏற்றுப் பணிகொண்டபின் மறந்துவிட்டால் என்னாகும்? இவ்விரு வினாக்களுக்கும் இரண்டாம் உலகப்போர்க் காலத்து அமெரிக்க வரலாற்றில் இரு சான்றுகள் உள்ளன. ஒன்று ஹவாய்த் தீவுகளில் நிகழ்ந்தது. மற்றொன்று அலாஸ்காவின் பனிவெளியில் நிகழ்ந்தது.

மாநிலக் காவற்படையின் தோற்றம்

ஐக்கிய அமெரிக்க நாட்டில் தேசியக் காவற்படை என்பது இரு தலைவர்களைக் கொண்டது. அமைதிக் காலத்தில் அது மாநில ஆளுநரின் ஆணைக்கு உட்பட்டது. போர்க் காலத்தில் நாட்டின் பொதுப்படையோடு இணைந்து கடல் கடந்தும் செல்லும். 1916ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புச் சட்டம் இந்நிலையை உறுதி செய்தது. மறு ஆண்டே முதல் உலகப்போரில் அமெரிக்கா இறங்கியபோது அப்படை பொதுப்பணிக்கு அழைக்கப்பட்டது. மாநிலங்களின் பாலங்களையும் நீர்த்தேக்கங்களையும் தொழிற்சாலைகளையும் காக்க ஆளில்லாது போயிற்று. ஊர்மக்களைக் கொண்டே காவற்படைகளை அமைக்க வேண்டிய நிலை பல மாநிலங்களுக்கு ஏற்பட்டது.

1940 செப்டம்பரில் தேசியக் காவற்படை மீண்டும் பொதுப்பணிக்கு அழைக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள், மாநிலங்கள் தமக்கெனத் தனிப்படை வைத்துக்கொள்ள இசைவளிக்கும் சட்டத் திருத்தம் நிறைவேறியது. இப்படை ஆளுநருக்கு மட்டுமே கட்டுப்பட்டது. போர்முனைக்குச் செல்ல வயது கடந்தவர், வயது நிரம்பாதவர், தொழிலை விட்டு நீங்க இயலாதவர் ஆகியோரே இதன் உறுப்பினர். பகலில் கடையிலும் அலுவலகத்திலும் வயலிலும் உழைப்பர். மாலையிலும் விடுமுறை நாளிலும் பயிற்சி பெறுவர். 1941இல் டெக்சசு மாநிலம் அமைத்த படை 1943இல் மாநிலக் காவற்படை என்னும் பெயரைப் பெற்றது. ஏனைய மாநிலங்கள் பலவும் அவ்வாறே அமைத்தன.

ஹவாயும் அலாஸ்காவும் அந்நாளில் மாநிலங்கள் அல்ல, ஆட்புலங்கள். அவற்றின் ஆளுநரை அமெரிக்கக் குடியரசுத் தலைவரே அமர்த்துவார். ஆனால் அத்தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்குரிமை அம்மக்களுக்கு இல்லை. 1959இல்தான் இரண்டும் மாநிலங்களாயின. இத்தகைய நிலத்தில் எழுந்த தொண்டர் படைகளாதலின் அவற்றின் வரலாறு ஏனைய படைகளின் வரலாற்றினும் ஆழமான பொருளுடையதாகிறது.

ஹவாய்: ஐந்து தோட்டாக்கள்

1941 திசம்பர் 7ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் சப்பானிய வானூர்திகள் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கின. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் படைப்பயிற்சி பெற்றுவந்த மாணவர்கள் உடனே அழைக்கப்பட்டனர். முதல் உலகப்போருக்கு முந்திய வகைத் துப்பாக்கியும் ஆளுக்கு ஐந்து தோட்டாக்களும் அவர்களுக்குக் கிடைத்தன. பகைவர் வான்குடையில் இறங்கிவிட்டனர் என்னும் வதந்தியை நம்பி, பல்கலைக்கழகத்துக்கு அண்மையிலுள்ள குன்றுப் பகுதியில் அம்மாணவர்கள் காவல் நின்றனர். எவரும் இறங்கவில்லை. ஆயினும் இறங்கியிருந்தால் எதிர்கொள்ள நின்றவர்கள் அவர்களே.

அன்றே ஆளுநர் ஜோசப் பாயின்டெக்ஸ்டர் அவர்களை ஹவாய் ஆட்புலக் காவற்படையாக அமைத்தார். அப்படையினருள் பெரும்பாலோர் நிசேய் எனப்படுவோர். அதாவது சப்பானியரின் பிள்ளைகளாக அமெரிக்க மண்ணில் பிறந்தவர்கள். பிறப்பால் அவர்கள் அமெரிக்கக் குடிமக்கள். அவர்தம் பெற்றோருக்கோ குடியுரிமை பெறச் சட்டம் 1952 வரை இடந்தரவில்லை. தந்தையின் தாய்நாடு தாக்கியது. மகனின் தாய்நாடு தாக்குண்டது. அம்மகன் துப்பாக்கி ஏந்தித் தன் ஊரின் நீர்நிலையங்களையும் மின்நிலையங்களையும் பாலங்களையும் இரவு முழுவதும் காத்தான்.

ஆறு வாரங்கள் இவ்வாறு கழிந்தன. 1942 சனவரியில், சப்பானிய மரபினரைப் படையிலிருந்து விலக்குக என்னும் ஆணை வந்தது. படை கலைக்கப்பட்டது, உடனே மீண்டும் அமைக்கப்பட்டது, அவர்களுக்கு மட்டும் அதில் இடமில்லை. அவர்கள்மீது எக்குற்றமும் சாட்டப்படவில்லை. முகமும் பெயருமே காரணம். குண்டு விழுந்த நாளினும் அந்நாளே தம்மை வீழ்த்தியது என்று பிற்காலத்தில் அவர்களுள் பலர் நினைவுகூர்ந்தனர்.

மனுவும் மண்வெட்டியும்

மனமுடைந்து மீண்ட அம்மாணவர்களிடம் ஹங் வாய் சிங் என்பவர் பேசினார். அவர் சீன மரபினர். இளைஞர் கிறித்தவ மன்றத்தில் பணியாற்றியவர். துப்பாக்கி தர மறுத்தால் மண்வெட்டியேனும் கேட்கலாமே என்பது அவர் அறிவுரையின் சாரம். மாணவர்கள் படைத்தலைவர் டெலோஸ் எம்மன்ஸ் அவர்களுக்கு மனு எழுதினர். ஹவாய் தம் தாயகம் என்பதும், எவ்வகைப் பணியாயினும் தம்மைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதும் அம்மனுவின் கருத்து. அதில் சினமில்லை, கெஞ்சலும் இல்லை. தம்மை விலக்கிய அதே அரசிடம் தம்மை மீண்டும் ஒப்படைத்த மனு அது.

எம்மன்ஸ் இசைந்தார். 1942 பிப்ரவரியில் 169 பேர் படிப்பை நிறுத்திவிட்டு உழைப்பாளராகச் சென்றனர். இவ்வணி பல்கலைக்கழக வெற்றித் தொண்டர் அணி எனப் பெயர் பெற்றது. ஸ்கோஃபீல்டு படைவீட்டில் பொறியாளர் படைப்பிரிவோடு இணைந்து அவர்கள் கல்லுடைத்தனர், சாலையமைத்தனர், முள்வேலி கட்டினர், தச்சுவேலை செய்தனர். அதே பிப்ரவரி 19ஆம் நாள் குடியரசுத் தலைவர் ரூசுவெல்ட் ஒப்பமிட்ட ஆணையால் அமெரிக்கப் பெருநிலத்தில் ஏறத்தாழ 1,20,000 சப்பானிய மரபினர் வீடிழந்து முள்வேலி முகாம்களுக்குச் செலுத்தப்பட்டனர் என்பதை ஈண்டு உடன்வைத்து எண்ணவேண்டும். ஒரே இனத்தவர் ஓரிடத்தில் நாட்டுக்காக முள்வேலி கட்டினர். மற்றோரிடத்தில் நாடு கட்டிய முள்வேலிக்குள் இருந்தனர்.

1942 திசம்பரில் போர்த்துறைத் துணைச் செயலர் ஜான் மெக்கிளாய் ஹவாய்க்கு வந்தார். கற்சுரங்கத்தில் மாணவர்கள் உழைப்பதை ஹங் வாய் சிங் அவரை அழைத்துச் சென்று காட்டினார். 1943 தொடக்கத்தில் நிசேய் வீரர்களைக் கொண்ட 442ஆம் படைப்பிரிவு அறிவிக்கப்பட்டது. ஹவாயிலிருந்து 1,500 பேர் வேண்டுமெனக் கேட்டது அரசு. ஏறத்தாழ 10,000 பேர் முன்வந்தனர். தொண்டர் அணி தன்னைக் கலைத்துக்கொண்டது. அதன் உறுப்பினர் பெரும்பாலோர் புதிய படையில் சேர்ந்தனர். சிலர் ஐரோப்பியக் களங்களில் மாண்டனர். அளவையும் பணிக்காலத்தையும் நோக்க அமெரிக்க வரலாற்றில் மிகுதியான விருதுகளைப் பெற்ற பிரிவு அதுவே.

இவ்வெற்றியை மட்டும் பாடி நிறுத்திவிடுதல் வரலாறாகாது. வயோமிங் மாநிலத்து ஹார்ட் மவுண்டன் முகாமில் அடைக்கப்பட்டிருந்த இளைஞர்கள், முதலில் எம் குடும்பங்களை விடுதலை செய்க, பின்னர்ப் படைக்கு அழைக்க என்று மறுத்துநின்றனர். 1944இல் 63 பேர் ஒரே வழக்கில் தண்டிக்கப்பட்டனர். 1947இல் குடியரசுத் தலைவர் ட்ரூமன் அவர்களுக்கு மன்னிப்பளித்தார். குடியுரிமை பிறப்பால் வந்ததாயின் அதனை இரத்தத்தால் மெய்ப்பிக்க வேண்டியது ஏன் என்பது அவர்கள் வினா. மனு எழுதியவரும் மறுத்தவரும் கோரியது ஒன்றே. கேட்ட வழிகள்தாம் வேறு.

அலாஸ்கா: பனிவெளியின் காவலர்

1942 சூன் தொடக்கத்தில் சப்பானியர் அலூசியத் தீவுக்கூட்டத்தின் டச்சுத் துறைமுகத்தைக் குண்டுவீசித் தாக்கினர். அட்டு, கிஸ்கா என்னும் இரு தீவுகளைக் கைப்பற்றினர். அலாஸ்காவின் தேசியக் காவற்படை அதற்கு முன்பே பொதுப்படையில் சேர்க்கப்பட்டுவிட்டது. நெடிய மேற்குக் கடற்கரை காவலின்றிக் கிடந்தது. ஆளுநர் எர்னெஸ்ட் குரூனிங் ஆட்புலக் காவற்படையை அமைக்க முனைந்தார். அப்பணியை மேஜர் மார்வின் மார்ஸ்டன் ஏற்றார். திமிங்கிலத் தோலும் கொழுப்பும் சேர்ந்த 'முக்டுக்' என்னும் உணவை உண்ணும் போட்டியில் தீவுத் தலைவர் ஒருவருக்கு ஈடுகொடுத்ததால் அவருக்கு முக்டுக் மார்ஸ்டன் என்றே பெயர் நிலைத்தது.

மார்ஸ்டன் நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டியில் குளிர்காலத்தில் ஊர் ஊராகச் சென்றார். இனூப்பியாக், யூப்பிக், அலியூட், திலிங்கிட் முதலிய தொல்குடியினர் திரண்டனர். 107 ஊர்களிலிருந்து 6,300க்கு மேற்பட்டோர் பெயர் கொடுத்தனர். 12 வயதுச் சிறுவரும் 80 வயதை எட்டிய முதியவரும் அவர்களுள் இருந்தனர். ஊதியம் இல்லை. முதல் உலகப்போர்க் காலத்துப் பழைய துப்பாக்கிகள் வழங்கப்பட்டன. சீல் வேட்டையிலும் கலைமான் வேட்டையிலும் தேர்ந்த அவர்களுக்குக் குறிபார்த்தல் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. பெண்களும் சேர்ந்தனர், ஹேகாக் ஊரைச் சேர்ந்த லாரா பெல்ட்சு ரைட் 50 குண்டுகளில் 49ஐ இலக்கின் நடுவே பாய்ச்சியதாகப் பதிவுள்ளது.

வேட்டையும் மீன்பிடியும் அவர்கள் வாழ்க்கை. காவல் அதனோடு இயைந்து நடந்தது. பனிப்பாதைகளை அடையாளமிட்டனர், வழிப்போக்கர் தங்கும் சிறுகுடில்களைப் பழுதுபார்த்தனர், உணவும் தோட்டாவும் சேமித்து வைத்தனர், கடலையும் வானையும் நோக்கியிருந்தனர். போரின் இறுதிக் காலத்தில் சப்பான் காற்றில் மிதக்கவிட்ட தீக்குண்டுப் பலூன்கள் சில அலாஸ்காவை எட்டியபோது அவற்றைக் கண்டு தெரிவித்தவருள் இவர்களும் உண்டு. நிலத்தை அறிந்தவரே நிலத்தைக் காக்கவல்லார் என்பதற்கு இப்படையினும் சிறந்த சான்று காண்டல் அரிது.

படையில் இடம், அரங்கில் இல்லை

துப்பாக்கி கொடுத்த நாடு இருக்கை கொடுக்கவில்லை. தொல்குடியினருக்கு இடமில்லை என்னும் பலகைகள் அலாஸ்காவின் கடைகளில் தொங்கின. அலூசியத் தீவுகளிலும் பிரிபிலோஃப் தீவுகளிலும் வாழ்ந்த 800க்கு மேற்பட்ட அலியூட் மக்களைப் பாதுகாப்பின் பெயரால் அரசே பெயர்த்தெடுத்துத் தென்கிழக்கு அலாஸ்காவின் கைவிடப்பட்ட மீன்பதன ஆலைகளில் குடியமர்த்தியது. நோயாலும் குளிராலும் அவர்களுள் பத்தில் ஒருவர் அங்கே மாண்டனர்.

1944இல் நோம் நகரத் திரையரங்கில் வெள்ளையருக்கென ஒதுக்கிய பகுதியில் அமர்ந்த ஆல்பர்ட்டா ஷென்க் என்னும் இளம்பெண் காவலரால் வெளியேற்றப்பட்டுச் சிறையில் வைக்கப்பட்டார். அவருக்குத் துணைநின்றவருள் மார்ஸ்டனும் ஒருவர். செய்தி தந்தி வழியே ஆளுநர் குரூனிங்கை எட்டியது. 1945இல் ஆட்புலச் சட்டமன்றத்தில் பாகுபாட்டு ஒழிப்புச் சட்டம் விவாதிக்கப்பட்டபோது திலிங்கிட் இனத்து எலிசபெத் பெராட்ரோவிச் ஆற்றிய சான்றுரை அவையை அசைத்தது. பிப்ரவரி 16ஆம் நாள் குரூனிங் அச்சட்டத்தில் ஒப்பமிட்டார். அமெரிக்க நாட்டின் குடிமை உரிமைகள் சட்டம் வருவதற்கு 19 ஆண்டுகள் முந்தியது அது. காவற்படை ஒன்றே அச்சட்டத்தைப் பெற்றுத்தந்தது என்று கூறுதல் மிகையாகும். தொல்குடி அமைப்புகளின் நெடிய போராட்டம் அதன் பின்னே உண்டு. ஆயினும் நாட்டைக் காக்கும் கைகளை நாடகக் கொட்டகையின் வாயிலில் தடுப்பது எத்துணை முரண் என்பதை அப்படையின் இருப்பே ஊரறியச் செய்தது.

காலந்தாழ்ந்த கல்

1947இல் அப்படை கலைக்கப்பட்டது. நாட்டின் படைவீரர் என்னும் தகுதியோ, பணி முடித்தமைக்கான சான்றிதழோ அவர்களுக்கு அளிக்கப்படவில்லை. ஊதியம் பெறாத தொண்டர் எவ்வாறு வீரராவார் என்பது சட்டத்தின் கணக்கு. 53 ஆண்டுகள் கழிந்தபின், 2000ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றம் அவர்தம் பணியைப் படைப்பணியாக ஏற்றுச் சட்டமியற்றியது. அதற்குள் பலர் மறைந்துவிட்டனர். சான்றிதழைச் சிலர் முதுமையில் பெற்றனர். சிலருக்காக அவர்தம் மக்கள் பெற்றனர்.

அதன்பின்னும் இடர் நீங்கவில்லை. 2009இல் இப்பணிக்காலம் ஓய்வூதியக் கணக்கில் சேராது என இராணுவம் முடிவெடுக்க, 26 முதியவர்களின் தொகை குறையும் நிலை வந்தது. எதிர்ப்பு எழுந்தபின்பே அத்தொகை தொடர வழி காணப்பட்டது.

ஹவாயையும் அலாஸ்காவையும் இணைக்கும் சட்டம் ஒன்றும் உண்டு. 1988இல் இயற்றப்பட்ட அதன் ஒரு பகுதி, முகாம்களில் அடைக்கப்பட்ட சப்பானிய மரபினருக்கு நாட்டின் மன்னிப்பையும் இழப்பீட்டையும் வழங்கியது. மற்றொரு பகுதி இடம்பெயர்க்கப்பட்ட அலியூட் மக்களுக்கு இழப்பீடு வழங்கியது. தொண்டர்களின் உறவினர்க்கு இழைத்த தீங்கை நாடு ஒரே ஏட்டில் ஒப்புக்கொண்டது.

நிறைவாக

அமெரிக்காவில் இன்றும் ஏறத்தாழ 20 மாநிலங்களில் இத்தகைய காவற்படைகள் இயங்குகின்றன. வெள்ளத்திலும் புயலிலும் அவை துணைநிற்கின்றன. பயிற்சிக்கு ஊதியமின்மையே பெரும்பான்மை வழக்கு. சீருடையையும் தம் கைப்பொருளால் வாங்குவோர் பலர். ஊதியம் பெறும் வீரனுக்கும் நாட்டுக்கும் இடையே எழுதப்பட்ட உடன்படிக்கை உண்டு. தொண்டனுக்கோ அத்தகையது மிகக் குறைவு. நாடு தன்னை நம்பும் முன்னரே அவன் நாட்டை நம்பி வந்து நிற்கிறான். ஆதலின் அவனது பற்றைச் சோதிக்க வேண்டிய தேவை நாட்டுக்கு இல்லை. அவன் வருகையே அதற்குச் சான்று. சோதனைக்கு உள்ளாவது நாட்டின் நெஞ்சகலமே.

அச்சோதனையில் ஹவாயில் நாடு ஆறு வாரங்களில் தவறியது. ஓராண்டில் ஓரளவு மீண்டது. அலாஸ்காவில் அரை நூற்றாண்டு மறந்திருந்தது. இரண்டிடத்தும் தொண்டர்கள் தம் பங்கைக் குறித்த காலத்தில் செலுத்தினர். பனியில் வழிகாட்டக் குச்சி நட்டவருக்கும் கற்சுரங்கத்தில் கல்லுடைத்தவருக்கும் உரிய கல்லை நாட்டத்தான் நாடு காலந்தாழ்த்தியது.