எறும்புக்கு இறக்கை முளைத்தால்

தில்லியில் முதல் மழை பெய்த மறுநாள் காலை, பால்கனி விளக்கடியில் ஒரு கைப்பிடி இறக்கைப் பூச்சிகள் செத்துக் கிடந்தன. ஈசல் என்றுதான் நினைத்தேன் (ஊரில் பொரியோடு வறுத்துத் தின்ற ஞாபகம்!). குனிந்து பார்த்தால் இடுப்பு சிறுத்திருந்தது. ஈசல் கரையான் ஜாதி, அதற்கு இந்த இடுப்பு கிடையாது. இவை எறும்புகள். விளக்குமாற்றோடு வந்த வீட்டுக்கார அம்மா சிரித்தார். இந்தியில் ஒருவனை 'எறும்புக்கு இறக்கை முளைத்துவிட்டது' என்றால், அழிவுகாலம் வந்துவிட்டது என்று அர்த்தமாம்.

ஆண் எறும்புக்கு அது நிஜம்தான். கருவுறாத முட்டையில் பிறப்பவன். அப்பா கிடையாது, ஆனால் தாத்தா உண்டு! பறந்துபோய் ராணியோடு கூடிவிட்டுச் சில நாளில் செத்துப்போவான். அவன் விந்தை ராணி வருஷக்கணக்கில் சேமித்து வைத்து முட்டையிடுவாள்.

இறக்கையே முளைக்காத ஆண்களும் உண்டு. அந்தக் கதையில் நம் புனேவுக்கும் பங்கிருக்கிறது. பம்பாய் மாகாண வன அதிகாரி ராட்டன், எறும்புகளைப் பிடித்து சுவிட்சர்லாந்திலிருந்த அகுஸ்த் ஃபோரெலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். ஃபோரெல் தொழிலால் மனநல மருத்துவர்; பின்னாளில் எறும்புப் படங்களோடு 1000 ஃபிராங்க் நோட்டிலேயே இடம்பிடித்தவர். புனே எறும்பைப் புதுப் பேரினம் என்று எண்ணி 1890இல் 'எமெரியா' என்று பெயரிட்டார். 1892இல் தானே திருத்திக்கொண்டார்: அது கார்டியோகாண்டைலாதான். இறக்கையில்லாத ஆண் கூட்டைவிட்டு எப்படிப் போவான்? உடன்பிறந்தவளோடுதான் கூடியாக வேண்டும். கட்டுரைத் தலைப்பிலேயே, தலைமுறை தலைமுறையாக உறவுக்குள் நடக்கும் இனப்பெருக்கம் என்று போட்டுவிட்டார்.

கூட்டுக்குள் நடக்கும் சண்டையை ஜப்பானில் கினோமுராவும் யமாவுச்சியும் விவரித்தது 1987இல். ராட்டன் பெயர் தாங்கிய அதே இனம்தான். இறக்கையில்லாத ஆண்கள் அரிவாள் போன்ற தாடையால் ஒருவரையொருவர் கொல்கிறார்கள். இதன் பங்காளியான ஆப்ஸ்குரியர் இன்னும் மோசம். எதிரிமேல் ஒரு திரவத்தைப் பூசிவிட்டால் போதும், வேலைக்கார எறும்புகளே அவனைத் தீர்த்துவிடும். அதே கூட்டில் பிறக்கும் இறக்கையுள்ள ஆண், கன்னி ராணியின் வாசனையைப் பூசிக்கொண்டவன்போல இருந்து தப்பிக்கிறான். இது 2002இல் தெரிந்தது.

2003இல் இன்னொன்றும் தெரிந்தது. கூடு நன்றாக இருக்கும்போது பெரும்பாலும் இறக்கையில்லாதவன்தான் பிறக்கிறான். குளிர் வந்தாலோ, வேலைக்கார எறும்புகள் திடீரென்று குறைந்தாலோதான் இறக்கையுள்ளவன் வருகிறான், வெளியே பறந்துபோகக்கூடியவன்.

அப்பா வேலை பார்த்த மில் மூடிய வருஷம்தான் நான் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினேன். வீட்டுக்கார அம்மாவிடம் இதை விளக்கும் அளவுக்கு எனக்கு இன்னும் இந்தி வரவில்லை.