வன்னிப் பாதையும் எஞ்சின் காத்த கைகளும்

வவுனியாவை விட்டு வடக்கே புறப்படும் புகையிரதம் தாண்டிக்குளம், ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன் என்னும் இடங்களைக் கடந்து ஆனையிறவுக் கடனீரேரியை அடைகின்றது. வழி முழுவதும் ஒற்றைத் தண்டவாளம். இரு மருங்கும் பாலையும் வீரையும் முதிரையும் செறிந்த காடு; இடையிடையே குளமும் வயலும். இப்பாதையில் ஓர் எஞ்சின் பழுதுற்று நின்றுவிடுமாயின், அதன் பின்னே வருவதும் நிற்கும். எதிரே வர வேண்டியதும் அடுத்த நிலையத்திலேயே காத்துக் கிடக்கும். நாட்டின் பெரிய புகையிரத வேலைத்தலமோ கொழும்புக்குத் தெற்கே இரத்மலானையில் உள்ளது. கொழும்பிலிருந்து வவுனியாவுக்கே ஏறத்தாழ 250 கிலோமீற்றர். ஆகவே வன்னியின் போக்குவரத்து, வன்னியில் ஒருபோதும் காணப்படாத சிலருடைய கைத்திறனையும் விழிப்பையும் நம்பியே நடந்து வந்தது எனலாம். அரசாங்கத்தின் எஞ்சின்களைப் பேணியும் பழுதுபார்த்தும் வந்த அம்மனிதர்களின் வரலாறு, பாதை திறக்கப்பட்ட நாட்களின் வரலாற்றைப் போல விரித்துப் பேசப்படுவதில்லை.

இலங்கையில் முதற் புகையிரதம் 1864 ஆம் ஆண்டு டிசம்பரில் கொழும்பிலிருந்து அம்பேபுச வரை ஓடிற்று. மலைநாட்டுத் தோட்டங்களின் விளைபொருளைத் துறைமுகஞ் சேர்ப்பதே அன்றைய நோக்கம். வடக்கின் முறை நாற்பது ஆண்டுகள் பிந்தியே வந்தது. 1902 இல் காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரிக்கும், பின்னர் பளைக்கும் குடாநாட்டுப் பகுதி திறக்கப்பட்டது. 1905 ஓகஸ்ட்டில் வன்னிக் காட்டினூடாகப் பாதை பூர்த்தியாகிக் கொழும்பும் காங்கேசன்துறையும் இணைந்தன. முல்லைத்தீவுக்கு இன்றுவரை தண்டவாளம் இல்லை. அப்பக்கத்தார் மாங்குளத்தில் இறங்கி, ஒட்டுசுட்டான் வழியாகத் தெருவிலேயே செல்லல் வேண்டும்.

நீராவி எஞ்சினுக்கு இரண்டு உணவுகள்: நிலக்கரியும் நீரும். நிலக்கரி இலங்கை மண்ணில் இல்லை, கப்பலில் வந்தது. நீரோ வன்னியில் ஆண்டின் பெரும்பகுதி அரிது. கிடைக்கும் நீரும் வன்மை மிக்கது. வன்னீரைக் கொதிக்கவைத்தால் பாத்திரத்தின் உட்புறத்தில் வெண்மையான படிவு ஏற்படுவதை எந்த அடுக்களையிலும் காணலாம். அப்படிவே கொதிகலனிலும் அதன் குழாய்களிலும் படிந்தால் வெப்பம் நீரைச் சேர்வது தடைப்படும், கரி வீணாகும், குழாய் அளவுக்கு மிஞ்சிக் காய்ந்து வெடிப்புறும். எனவே குறித்த கால எல்லையில் எஞ்சினைக் குளிரவிட்டு, கொதிகலனின் அடைப்புக்களைக் கழற்றி, விசையான நீர்ப் பாய்ச்சலால் கழுவ வேண்டும். பின்னர் மீண்டும் தீ மூட்டி, நீராவி எழும்வரை மணிக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். காலை வண்டிக்கான வேலை முதல் நாள் இரவே தொடங்கிவிடும். சாம்பல் வாருவோர், கொதிகலன் கொல்லர், எண்ணெய் இடுவோர் என ஒரு வண்டியின் பின்னே பலர் உறங்காது உழைத்தனர்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபோது இந்த எஞ்சின்கள் களைத்திருந்தன. யுத்த காலத்தில் சுமை பெருகிற்று. உதிரிப் பாகங்கள் குறைந்தன. இவ்வேளையில், 1949 இல், பிரதம இயந்திரப் பொறியியலாளர் பதவிக்கு முதன்முறையாக இந்நாட்டவர் ஒருவர் வந்தார். அவர் பெயர் பி. டி. றம்பல. கொழும்பு நாளந்தாக் கல்லூரியின் பழைய மாணவர். அதுவரை அப்பதவி ஆங்கிலேயர்க்கே உரியதாயிருந்தது. நாட்டின் எஞ்சின்கள் அனைத்தும், அவற்றைப் பழுதுபார்க்கும் வேலைத்தலமும் கொட்டில்களும், அங்கு உழைக்கும் பெருந்தொகையான தொழிலாளரும் அப்பதவியின் பொறுப்பில் அடங்கியன. 1955 இல் அவரே புகையிரதப் பகுதியின் பொது முகாமையாளராகவும் ஆனார். எஞ்சினின் உள்ளுறுப்பை அறிந்தவர் ஒருவரே நேரசூசிக்கும் பொறுப்பாளராய் அமைந்தமை அக்காலத்தின் நற்பேறு. இவ்விரண்டும் வேறு வேறு மேசைகளிற் கிடந்தால் நேரும் அவதியை விரித்துரைக்க வேண்டியதில்லை.

1953 இல் இங்கிலாந்திலிருந்து பிறஷ் பக்னல் டீசல் எஞ்சின்கள் வந்தன, தொகை 25. அடுத்த ஆண்டு கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா தன் கொடையாக டீசல் எஞ்சின்களை அனுப்பிற்று. முன்னைய நீராவி எஞ்சின்கள் பலவற்றுக்குத் தேசாதிபதிகளின் பெயர்கள் சூட்டப்பட்டிருந்தன. கனடிய எஞ்சின்களோ அல்பேட்டா, மனிற்றோபா என அந்நாட்டு மாகாணங்களின் பெயர்களைத் தாங்கி வந்தன. பனி உறையும் ஒரு தேசத்தின் பெயர் பூண்டு வன்னி வெயிலில் ஓடிய அவ்வெஞ்சின்களின் வலு 1425 குதிரை வலு.

டீசல் எஞ்சின் வந்தவுடன் நீர்ப் பஞ்சம் ஒழிந்தது. கரி அள்ளும் தொல்லையும் ஒழிந்தது. ஆயின் அதனைப் பேணுதல் எளிது என்று எண்ணியோர் ஏமாந்தனர். நீராவி எஞ்சின் தன் நோயைத் தானே சொல்லும். ஆவி கசியும், தண்டு ஒலிக்கும், புகையின் நிறம் மாறும். அனுபவசாலியான சாரதி காதாலும் கண்ணாலும் அறிந்துவிடுவார். டீசல் எஞ்சின் அவ்வாறன்று. அது மூடிய பெட்டி. அதனுள்ளே டீசல் எஞ்சின் மின்பிறப்பாக்கியைச் சுழற்றுகிறது. அம்மின்சாரம் அச்சுக்களிலுள்ள மோட்டர்களை இயக்குகிறது. மோட்டர்கள் சில்லுகளை உருட்டுகின்றன. கொல்லனின் கலையோடு மின்வினைஞனின் கலையும் இங்கு வேண்டப்படும். கரித் தூசியும் சாம்பலும் பறக்கும் பழைய கொட்டிலில் இதனை நிறுத்தவுங் கூடாது. தூசி காற்று வடியை அடைத்தால் எஞ்சின் மூச்சு முட்டும். மின்சுற்றில் படிந்தால் தீ விபத்துக்கும் இடமாகும்.

ஆதலால் பழுது வந்தபின் திருத்தும் பழக்கத்தை விடுத்து, பழுது வருமுன் சோதிக்கும் பழக்கத்தை ஊன்ற வேண்டியதாயிற்று. தலைமை தாங்குவோனின் திறமை வெளிப்பட்ட இடம் இதுவே. ஓர் எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அதனைச் சேவையிலிருந்து எடுத்து நிறுத்துவது எளிய காரியமன்று. வண்டி போதாது என்று நிலைய அதிபர் முறையிடுவார்; பிரயாணிகள் பத்திரிகைக்கு எழுதுவர்; மேலிடத்திலிருந்தும் வினா வரும். அத்தனைக்கும் ஈடுகொடுத்து, குறித்த நாளில் குறித்த எஞ்சினை நிறுத்தியே தீருவேன் எனும் உறுதி பொறுப்பாளருக்கு வேண்டும். இன்று ஒரு நாள் விட்டுக்கொடுத்தால், நாளை மாங்குளக் காட்டில் நள்ளிரவில் அதற்கு விலை கொடுக்க நேரும்.

சோதனைகளுள் எண்ணெய்ச் சோதனை சுவையானது. எஞ்சினிலிருந்து சிறிதளவு மசகெண்ணெய் எடுத்து ஆராய்ந்தால், உள்ளே நிகழ்வது பெரும்பாலும் புலனாகும். எண்ணெயில் உலோகத் துகள் மிகுமாயின் எங்கோ ஒரு தாங்கி தேய்கின்றது. நீர் கலந்திருந்தால் உருளையின் தலையிலோ அடைப்பிலோ வெடிப்புண்டு. டீசல் கலந்து எண்ணெய் இளகியிருந்தால் எரிபொருள் பீச்சும் முனை ஒழுகுகின்றது. மருத்துவர் இரத்தத்துளி கொண்டு நோய் அறிவதை இது ஒத்தது. கனடிய எஞ்சின்களில் பன்னிரண்டு உருளைகள். ஒன்று கெட்டால் உருளை, தலை, முசலம் ஆகியவற்றை ஒரு தொகுதியாகத் தூக்கி எடுத்து வேறொரு தொகுதியை இறக்கிவிடலாம். எஞ்சின் முழுவதையும் பிரித்துப் போடத் தேவையில்லை. கழற்றிய தொகுதியை ஆறுதலாகச் செப்பனிட்டு அடுத்த தேவைக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் மாற்றுத் தொகுதிகள் கையிருப்பில் இருந்தால் மட்டுமே இவ்வசதி பயன் தரும். 1960 களில் அந்நியச் செலாவணி தட்டுப்பட்டு இறக்குமதிக்குக் கட்டுப்பாடுகள் இறுகியபோது, உதிரிப் பாகம் ஒன்றைப் பெறுவது பெரும்பாடாயிற்று. கழித்துப் போட்ட எஞ்சினிலிருந்து நல்ல பாகத்தை எடுத்து மற்றொன்றுக்குப் பொருத்துவதும், தேய்ந்ததை நிரப்பிக் கடைந்து மீண்டும் பயன்படுத்துவதும் அத்தகைய காலங்களில் கைத்தொழிலாளர் கையாளும் உபாயங்கள்.

இவ்வுழைப்பின் பயனை வன்னி மக்கள் 1956 ஏப்ரில் 23 ஆம் நாள் கண்டனர். அன்று யாழ்தேவி ஓடத் தொடங்கிற்று. கொழும்பிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தொலைவிலுள்ள குடாநாட்டைப் பகற்பொழுதிலேயே சென்றடையும் கடுகதி அது. அதே ஆண்டில் லண்டனிலுள்ள லோகோமோட்டிவ் பொறியியலாளர் நிறுவனம் றம்பலவைத் தம் காலத்துச் சிறந்த டீசல் பொறியியலாளர்களுள் ஒருவரெனப் பாராட்டியது. பிரயாணிகள் வண்டியோடு சரக்கு வண்டிகளும் பெருகின. காங்கேசன்துறைச் சீமெந்து தெற்கே சென்றது. ஆனையிறவு உப்பைக் கொண்டு பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை நடந்தது. இரணைமடுவின் நீரால் கிளிநொச்சிக் குடியேற்றங்களில் நெல் விளைந்தது. அக்காலத்தில் கண்டி வீதியிற் செல்லும் லொறிச் சாரதி முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்த பின்னரே பயணந் தொடர்வார். இன்றும் அவ்வழக்கம் உண்டு. புகையிரதச் சாரதிக்கு அவ்வாறு நினைத்த இடத்தில் இறங்க இயலாது. முதல் நாள் அவ்வெஞ்சினைச் சோதித்துப் புத்தகத்தில் கையொப்பமிட்டவரையே அவர் நம்பிச் செல்ல வேண்டும்.

1969 அளவில் நீராவியிலிருந்து டீசலுக்கு மாறும் பணி பெரும்பாலும் நிறைவெய்திற்று. பின்வந்த யுத்தம் வன்னிப் பாதையை வேறொரு கதிக்கு உள்ளாக்கிற்று. 1985 ஜனவரியில் முறிகண்டியருகே யாழ்தேவி குண்டுத் தாக்குதலுக்கு உள்ளானது. படையினரும் பொதுமக்களும் மாண்டனர். 1990 ஜூனில் வவுனியாவுக்கு வடக்கே சேவை முற்றாக நின்றது. அதன் பின் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குக் கூரையும் தாங்கியுமாயின. நிலையங்கள் இடிந்தன; பாதை கிடந்த மேட்டில் காடு மூடிற்று. வன்னியிற் பிறந்து இருபது வயது கடந்தும் புகையிரதத்தைக் கண்ணாற் காணாத ஒரு தலைமுறை தோன்றியது.

பாதை அழிந்தது, எஞ்சின்கள் அழியவில்லை. கனடிய எஞ்சின்கள் தெற்கிலும் மலைநாட்டுப் பக்கத்திலும் ஓடிக்கொண்டிருந்தன. அவ்வரிசையைச் சேர்ந்த மனிற்றோபா என்னும் எஞ்சினே 2004 டிசம்பர் 26 ஆம் நாள் காலிக்கு அண்மையில் பெரலிய என்னுமிடத்தில் ஆழிப்பேரலையில் அகப்பட்ட வண்டியை இழுத்துச் சென்றது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கு உயிரிழந்தனர். உப்பு நீரில் மூழ்கிய எஞ்சினைப் பழைய இரும்பென்று ஒதுக்கிவிடுவது எளிதாயிருந்திருக்கும். மின்சுற்று முழுவதையும் உப்பு அரித்துவிடும் என்பதை எவரும் அறிவர். எனினும் அதனை மீட்டுப் பழுதுபார்த்து மீண்டும் ஓட்டினர். நினைவு நாளில் அவ்வெஞ்சின் பெரலியவுக்கு வந்து நிற்பதும் உண்டு. அவ்வரிசையிற் சில எழுபது ஆண்டுகளுக்குப் பின்னரும் பணியில் இருக்கின்றன. செய்த நாட்டின் பெருமை இதில் ஒரு பங்கு மட்டுமே. எஞ்சிய பங்கு மாளிகாவத்தைக் கொட்டிலிலும் இரத்மலானை வேலைத்தலத்திலும், மூத்தவரிடமிருந்து இளையவர் என வழிவழியாய்த் தொழில் கற்ற கைகளுக்கு உரியது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என எல்லா இனத்தாரும் புகையிரதப் பகுதியில் ஊழியம் புரிந்தோரே.

2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்தது. இந்தியக் கடனுதவியோடு இந்திய அரசாங்க நிறுவனமாகிய இர்கொன் வடபாதையை மீண்டும் அமைக்கும் பணியை ஏற்றது. ஓமந்தை முதல் பளை வரையுள்ள 90 கிலோமீற்றரில் முதல் வேலை தண்டவாளம் இடுவதன்று, கண்ணிவெடி அகற்றுவது. 2013 செப்டெம்பர் 14 ஆம் நாள் கிளிநொச்சிக்கும், 2014 மார்ச்சில் பளைக்கும், அவ்வாண்டு ஒக்டோபர் 13 ஆம் நாள் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் வண்டி சென்றது. கிளிநொச்சியில் முதியோர் பலர் நிலையத்துக்கு வந்து எஞ்சினைத் தொட்டுப் பார்த்தனர் என்றால் வியப்பதற்கில்லை.

ஓமந்தைக்கு வடக்கே இவ்வாறு யாவும் புதியனவாக, தெற்கேயுள்ள பகுதி பழைய பாதையாகவே எஞ்சி நின்றது. வடக்கே விரைந்து வந்த வண்டி வவுனியாவை அணுகியதும் வேகந் தணிக்க வேண்டியதாயிற்று. 2023 ஜனவரியில் அநுராதபுரத்துக்கும் ஓமந்தைக்கும் இடையே சேவை நிறுத்தப்பட்டுப் பாதை முழுவதும் பெயர்த்துப் புதிதாக இடப்பட்டது. பிரயாணிகள் சில மாதங்கள் பேருந்தில் அலைந்தனர், முறுமுறுத்தனர். வவுனியாவினூடான பாதை மூடப்பட்டது இம்முறை பழுதுபார்ப்பதற்காக. ஜூலையில் வேலை முடிந்தது. வண்டி மீண்டும் வவுனியாவைக் கடந்து வடக்கே சென்றது.