விடையை வாக்காளரிடம் விட்ட புதிர்

குறுக்கெழுத்துப் புதிரின் வரலாறு 1913 டிசம்பர் 21 அன்று தொடங்குகிறது. ஆர்தர் வின் அமைத்த புதிரை 'நியூயார்க் வேர்ல்டு' நாளிதழ் அன்று வெளியிட்டது. பின்னாளில் அமெரிக்கப் புதிர்களில் நீண்ட விடைகளை ஒரே கருப்பொருளால் இணைக்கும் வழக்கம் உருவாயிற்று. அவ்வுறவைப் புலப்படுத்தும் திறவுகோல் குறிப்பு ஒன்று பெரும்பாலும் கட்டத்தின் கீழ்ப்பகுதியில் இடம்பெறும். தமிழில் சொல்வதானால், தலையணை, கைக்குட்டை, கால்வாய் ஆகியன விடைகளாக வந்தபின், இறுதியில் 'சங்கத்தில் சேர்ந்தவர்' என்ற குறிப்பு நிற்கும். விடை: உறுப்பினர். அப்போதுதான் முந்தைய சொற்கள் ஒவ்வொன்றும் ஓர் உறுப்பில் தொடங்குவது நமக்குப் புலனாகும்.

இம்மரபை ஒருவர் தலைகீழாக்கினார். 1996 நவம்பர் 5, அமெரிக்க அதிபர் தேர்தல் நாள். 'நியூயார்க் டைம்ஸ்' இதழில் ஜெரிமையா ஃபேரல் அமைத்த புதிர், நாளைய நாளிதழின் தலைப்புச் செய்தி யாதெனக் கேட்டது. கிளின்டன் தேர்வு என நிரப்பியவர்களுள் சிலர், நாளிதழ் முந்திக்கொண்டு தீர்ப்பளித்துவிட்டதாகச் சினந்தனர். ஆனால் ஆங்கிலத்தில் பாப் டோல் என்ற பெயரும் அதே ஏழு கட்டங்களில் பொருந்தியது! குறுக்கிடும் சொற்களும் இருவருக்கும் இடமளித்தன. ஹாலோவீன் நாளின் கரிய விலங்கு எது என்ற குறிப்புக்குப் பூனையைக் குறிக்கும் 'கேட்', வௌவாலைக் குறிக்கும் 'பேட்' இரண்டுமே சரி.

ஒரு கட்டத்திற்கு ஓரெழுத்தே என்பது புதிராசிரியர் வாசகருக்கு அளிக்கும் உறுதிமொழி. ஃபேரல் அதனை மீறவில்லை, ஒருநாள் ஒத்திவைத்தார். இம்முறை திறவுகோல் கட்டத்திற்குள் இல்லை, வாக்குப்பெட்டியில் இருந்தது.