வருமுன் காக்கும் கடமை: சிங்கப்பூர்த் தொழிற்கூடங்களின் பாதுகாப்பு வரலாறு

ஒரு குளத்தில் மூன்று மீன்கள் வாழ்ந்தன என்பது பஞ்சதந்திரம் கூறும் பழங்கதை. வலைஞர் வருவர் என்று அறிந்தவுடன் குளத்தை விட்டு நீங்கியது ஒன்று. வலையில் அகப்பட்டபின் செத்ததுபோல் கிடந்து தப்பியது மற்றொன்று. ஆவது ஆகட்டும் என்றிருந்து மாண்டது மூன்றாவது. சிறுவர்க்குச் சொல்லப்படும் இக்கதையில் ஒரு நாட்டின் தொழில் வரலாறே அடங்கியிருக்கிறது எனின் அது மிகையாகாது. தொழிலிடத்து விபத்துகளைச் சிங்கப்பூர் எதிர்கொண்ட முறையை நோக்கின், அது மூன்றாம் மீனின் நிலையில் தொடங்கி, இரண்டாம் மீனின் நிலையைக் கடந்து, முதல் மீனின் நிலையை எட்ட முயன்றுவரும் வரலாறாகவே விளங்குகிறது.

விதியென்று விட்ட காலம்

துறைமுகத்தையே உயிர்நாடியாகக் கொண்டு வளர்ந்த நகரம் சிங்கப்பூர். சரக்கு மூட்டைகளைச் சுமந்தவர்களும், கப்பல்களைப் பழுதுபார்த்தவர்களும், சாலைகளை அமைத்தவர்களும் பெரும்பாலும் கடல் கடந்து வந்த ஏழைத் தொழிலாளர்களே. தமிழகத்திலிருந்து வந்தவர்களும் அவர்களுள் அடங்குவர். கயிறு அறுந்து மூட்டை விழுந்தாலும், சாரம் சரிந்து ஆள் விழுந்தாலும், 'அவன் விதி அவ்வளவுதான்' என்ற ஒரு சொல்லோடு வழக்கு முடிந்துவிடும். ஊரில் காத்திருக்கும் குடும்பத்துக்குச் செய்தி போய்ச் சேரும். அதற்குமேல் ஒன்றும் சேராது.

இந்நிலை சிங்கப்பூருக்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலேய நாட்டிலேயே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அடிபட்ட தொழிலாளி முதலாளியின் குற்றத்தை நீதிமன்றத்தில் மெய்ப்பித்தாக வேண்டும். முதலாளிக்கோ மூன்று கேடயங்கள் இருந்தன. தொழிலாளியின் கவனக்குறைவும் விபத்துக்குக் காரணம் எனலாம். உடன் வேலை செய்தவனின் பிழை எனலாம். ஆபத்தை அறிந்தே அவன் வேலைக்கு வந்தான் எனலாம். இம்மூன்றில் ஒன்று நிலைபெற்றாலும் தொழிலாளி வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டியதுதான்.

வந்தபின் காத்த காலம்

இக்கொடுமைக்கு முதல் மாற்று ஜெர்மனியில் பிறந்தது. பிஸ்மார்க்கின் ஆட்சியில் 1884ஆம் ஆண்டு தொழில் விபத்துக் காப்புறுதிச் சட்டம் இயற்றப்பட்டது. 1897இல் பிரிட்டன் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தைக் கொணர்ந்தது. யார் குற்றம் என்ற வினாவை ஒதுக்கிவிட்டு, வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் அடிபட்டவனுக்கு இழப்பீடு உண்டு என்பதே இச்சட்டங்களின் உயிர்க்கருத்து. அக்கருத்து பிற்காலத்தில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து சேர்ந்தது. விடுதலை பெற்ற சிங்கப்பூர் 1975இல் தன் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தை இயற்றிக்கொண்டது.

இது பெரும் அறச்செயல் என்பதில் ஐயமில்லை. எனினும் இதற்கு ஓர் எல்லை உண்டு. இழப்பீட்டுச் சட்டம் கைக்கு ஒரு கணக்கும், காலுக்கு ஒரு கணக்கும், உயிருக்கு ஒரு கணக்கும் வகுத்துக் கொடுக்கும். போன விரலை மீண்டும் முளைக்கச் செய்யாது. முதலாளி காப்புறுதிக் கட்டணத்தைச் செலுத்திவிடுகிறார். காப்புறுதி நிறுவனம் பணத்தைக் கொடுத்துவிடுகிறது. ஆளை விழச்செய்த சாரமோ மறுநாளும் அதே இடத்தில் அப்படியே நிற்கிறது. வந்தபின் காப்பது மட்டுமே போதாது என்பதை நாடு உணர ஒரு பேரிடர் வேண்டியிருந்தது.

ஸ்பைரோஸ் தந்த பாடம்

1960களில் ஜூரோங்கின் சதுப்பு நிலம் தொழிற்பேட்டையாக உருவெடுத்தது. கப்பல் கட்டுதலும் பழுதுபார்த்தலும் நாட்டின் முதன்மைத் தொழில்களுள் ஒன்றாயின. தொழிற்சாலைகளின் பாதுகாப்புக்கெனச் சட்டம் இல்லாமலில்லை. 1958ஆம் ஆண்டுச் சட்டமும், அதனைத் தொடர்ந்து 1973ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும் ஏட்டில் இருந்தன.

1978ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 12ஆம் நாள். ஜூரோங் கப்பல் பட்டறையில் ஸ்பைரோஸ் என்னும் கிரேக்க எண்ணெய்க் கப்பல் பழுதுபார்க்கப்பட்டுக்கொண்டிருந்தது. மதிய உணவை முடித்துக்கொண்டு தொழிலாளர்கள் மீண்டும் பணியில் இறங்கிய சிறிது நேரத்திற்குள் கப்பலின் பின்பகுதியிலிருந்த எரிபொருள் தொட்டி வெடித்தது. தொட்டிக்கும் இயந்திர அறைக்கும் இடையிலிருந்த தடுப்புச் சுவர் பிளந்து, எரியும் எண்ணெய் இயந்திர அறைக்குள் பாய்ந்தது. 76 பேர் மாண்டனர். மேலும் பலர் தீக்காயமுற்றனர். போருக்குப் பிந்திய சிங்கப்பூரின் தொழில் விபத்துகளில் இதனினும் கொடியது வேறில்லை.

விசாரணையில் வெளிப்பட்ட காரணம் எளியது. ஆனால் நெஞ்சைச் சுடுவது. கப்பலின் எரிபொருளாகப் பயன்படும் கனத்த எண்ணெய் எளிதில் தீப்பற்றுவதன்று. ஆனால் அத்தொட்டியிலிருந்த எண்ணெயில் எளிதில் ஆவியாகும் வேறோர் எண்ணெய் கலந்திருந்தது. அதனால் தொட்டிக்குள் எரியாவி நிறைந்திருந்தது. இரும்பை வெட்டும் தீச்சுடர் அந்த ஆவியைப் பற்றவைத்தது. பாதுகாப்பானது என்று எண்ணப்படுவது வேறு. பாதுகாப்பானது என்று சோதித்து அறியப்படுவது வேறு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெளியில்தான் 76 உயிர்கள் பறிபோயின.

பழக்கத்தை மாற்றிய சீட்டு

கப்பல் பட்டறையில் ஆபத்தைத் தடுக்கும் முறை ஒன்று உண்டு. அதற்கு வேலை அனுமதிச் சீட்டு என்று பெயர். தொட்டிக்குள்ளோ அதன் அருகிலோ தீயைப் பயன்படுத்தும் வேலை நடைபெற வேண்டுமாயின், முதலில் தொட்டியிலுள்ள எண்ணெயை வெளியேற்றித் தூய்மை செய்ய வேண்டும். பின் காற்றைச் செலுத்தி உள்ளிருக்கும் ஆவியைப் போக்க வேண்டும். அதன்பின் தகுதி பெற்ற ஒருவர் கருவி கொண்டு எரியாவியின் அளவையும், ஆள் உள்ளே செல்வதாயின் உயிர்வளியின் அளவையும் சோதிக்க வேண்டும். இவையெல்லாம் நிறைவேறியபின்னரே அனுமதிச் சீட்டில் கையெழுத்து விழும். அச்சீட்டுக்கும் கால வரையறை உண்டு. நேற்றைய சீட்டு இன்றைய வேலைக்குச் செல்லாது.

ஒரே கப்பலில் பல குத்தகையாளர்களின் ஆட்கள் ஒரே வேளையில் வேலை செய்வர். ஒரு தளத்தில் சாயம் பூசுவர். அதன் கீழ்த்தளத்தில் இரும்பைப் பற்றவைப்பர். தனித்தனியே நோக்கின் இரண்டும் முறையான வேலைகளே. ஒருங்கே நடந்தால் சாயத்தின் ஆவியும் தீப்பொறியும் சந்தித்துக்கொள்ளும். ஆகவே அன்றாடம் எல்லாக் குத்தகையாளர்களும் கூடி, எந்த இடத்தில் எவ்வேலை எப்போது நடைபெறும் என்று பேசி முடிவு செய்யும் வழக்கம் இன்றியமையாததாயிற்று. இந்த நடைமுறைகளைச் சட்டவிதிகள் பின்னர்க் கட்டாயமாக்கின.

இங்கே கருதத்தக்க ஒன்றுண்டு. இம்முறை பெரும் பொருட்செலவை வேண்டுவதன்று. வேலையைத் தொடங்குமுன் சிறிது நேரம் நின்று, சோதித்து, கையெழுத்திடும் பழக்கத்தையே அது வேண்டுகிறது. அதனாலேயே அது அரிது. அவசரம் வந்துவிட்டால் முதலில் கைவிடப்படுவது அந்தச் சிறிது நேரந்தான்.

மீண்டும் ஓர் எச்சரிக்கை

கால் நூற்றாண்டு கடந்தது. விதிகள் பெருகின, விபத்துகளோ ஒழிந்தபாடில்லை. 2004ஆம் ஆண்டு நாட்டை மும்முறை உலுக்கியது. ஏப்ரல் 20இல் நிக்கல் நெடுஞ்சாலையின் அருகே பெருவிரைவு இரயில் பாதைக்காகத் தோண்டப்பட்ட ஆழ்பள்ளம் சரிந்து, நெடுஞ்சாலையின் ஒரு பகுதியையும் உள்வாங்கிக்கொண்டது. நால்வர் மாண்டனர். உடன் வேலை செய்தவர்களை வெளியேறச் செய்துவிட்டுத் தான் வெளியேற இயலாது போன மேற்பார்வையாளர் ஒருவரும் அவர்களுள் ஒருவர். அவர் உடல் கிடைக்கவேயில்லை. ஒன்பது நாள் கழித்து, ஃபியூஷனோபோலிஸ் கட்டுமானத் தளத்தில் இரும்புக் கம்பிக் கட்டமைப்பு சரிந்து இருவர் இறந்தனர். மே 29இல் கப்பல் பட்டறை ஒன்றில் அல்முடைனா என்னும் கப்பலில் மூண்ட தீயில் எழுவர் இறந்தனர்.

நிக்கல் நெடுஞ்சாலை விபத்தை ஆராய்ந்த விசாரணைக் குழு, தாங்கு சட்டங்களின் இணைப்புகள் போதிய வலுவோடு வடிவமைக்கப்படவில்லை என்று கண்டது. அதனினும் வருந்தத்தக்கது, சரிவுக்கு முன்னரே எச்சரிக்கை அறிகுறிகள் தோன்றியிருந்தன என்பதாகும். அறிகுறி இருந்தது, அதனை மதித்து வேலையை நிறுத்தும் துணிவும் முறையும் இல்லை.

பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் குறை இப்போது தெளிவாயிற்று. அச்சட்டம் செய்ய வேண்டியவற்றைப் பட்டியலிட்டுக் கூறியது. பட்டியலில் உள்ளதைச் செய்துவிட்டால் கடமை முடிந்தது என்று நிறுவனங்கள் கருதின. ஆபத்தோ பட்டியலைப் படித்துவிட்டு வருவதில்லை.

பொறுப்பு இடம் மாறியது

2005இல் அரசாங்கம் புதிய கொள்கையை அறிவித்தது. 2006ஆம் ஆண்டு மார்ச் 1இல் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் நடப்புக்கு வந்தது. அதன் அடிப்படை மூன்று. ஆபத்தை அதன் மூலத்திலேயே நீக்க வேண்டும் என்பது ஒன்று. ஆபத்தை உண்டாக்குபவரே, அவர் முதலாளியாயினும் குத்தகையாளராயினும் கருவி செய்து தருபவராயினும், அதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்பது மற்றொன்று. விபத்து நேர்ந்தபின் மட்டுமன்றி, விபத்துக்கு இடந்தரும் சீர்கேட்டுக்கே கடுந்தண்டனை விதிக்கலாம் என்பது மூன்றாவது. நிறுவனங்களுக்கு விதிக்கத்தக்க உச்ச அபராதம் 500,000 வெள்ளியாக உயர்ந்தது. வேலை தொடங்குமுன் ஆபத்துகளை மதிப்பிட்டு எழுதி வைப்பது கட்டாயமாயிற்று. 2011 செப்டம்பரில் இச்சட்டம் எல்லா வேலையிடங்களுக்கும் விரிந்தது. கட்டடத்தை வரையும் நிலையிலேயே அதனைக் கட்டுவோரின் பாதுகாப்பையும் எண்ண வேண்டும் என்னும் விதி 2016இல் நடப்புக்கு வந்தது.

இதன் பயன் எண்களில் தெரிகிறது. 2004இல் நூறாயிரம் தொழிலாளர்க்கு 4.9 என்றிருந்த வேலையிட இறப்பு விகிதம் 2014இல் 1.8 ஆகவும், 2018இல் 1.2 ஆகவும் குறைந்தது. 2018க்குள் 1.8ஐ எட்ட வேண்டும் என்று வகுத்த இலக்கு நான்கு ஆண்டு முன்னதாகவே நிறைவேறியது. எனினும் 2022இல் 46 பேர் இறந்தனர். அரசாங்கம் அவ்வாண்டு செப்டம்பர் முதல் 2023 மே இறுதிவரை உயர் விழிப்புக் காலத்தை அறிவித்தது. கடுமையான குறைபாடுடைய நிறுவனங்கள் புதிய வெளிநாட்டு ஊழியர்களைச் சேர்க்கத் தடைவிதிக்க வழிசெய்தது. 2023இல் விகிதம் 0.99 ஆயிற்று, ஒன்றுக்குக் கீழே இறங்கியது. 2024இலோ 43 பேர் இறக்க, விகிதம் மீண்டும் 1.2 ஆயிற்று. பாதுகாப்பு என்பது ஒருமுறை பெற்றுப் பெட்டியில் பூட்டிவைக்கும் பொருளன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

கோரிக்கை குறைவதன் இருவழிகள்

இழப்பீட்டுச் சட்டமும் உடன் வளர்ந்தது. உடலுழைப்பாளர்களையும் குறைந்த வருவாயுடையோரையும் மட்டும் காத்த பழைய சட்டம், 2008 ஏப்ரலில் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டமாகி ஏறத்தாழ ஊழியர் அனைவரையும் தழுவியது. 2020 செப்டம்பரில் நடப்புக்கு வந்த புதிய சட்டம் மேலும் ஒரு படி சென்றது. ஒரு நிறுவனத்தின் முந்தைய கோரிக்கைகள் பற்றிய விவரங்களைக் காப்புறுதி நிறுவனங்கள் அறிய அது வழிசெய்தது. பாதுகாப்பைப் பேணாத நிறுவனம் கூடுதல் கட்டணம் செலுத்த நேரும்; பேணும் நிறுவனம் பயன்பெறும். இழப்பீடும் தடுப்பும் இவ்வாறு ஒரே கயிற்றின் இரு புரிகளாயின.

ஆயினும் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். இழப்பீட்டுக் கோரிக்கைகள் இரு வழிகளில் குறையலாம். காயங்கள் குறைவதால் கோரிக்கைகள் குறைவது ஒன்று. காயங்கள் மறைக்கப்படுவதால் குறைவது மற்றொன்று. கடன்பட்டுக் கடல் கடந்து வந்தவன், வேலை அனுமதி பறிபோகுமோ என்றஞ்சிக் காயத்தை மறைத்துக்கொண்டால், ஏட்டில் ஒரு கோரிக்கை குறையும். அவன் உடலில் ஒரு காயமும் குறையாது. மருத்துவர் இலகுவான வேலையே கொடுக்க வேண்டும் என்று எழுதித்தரும் காயங்களையும் தெரிவித்தாக வேண்டும் என்று புதிய சட்டம் விதித்தது இத்தகைய மறைப்புக்கு இடங்கொடாமைக்கு ஒரு வழியாகும். எண் குறைந்ததா என்று மட்டும் கேட்பது கணக்கரின் வேலை. எவ்வாறு குறைந்தது என்று கேட்பதே அறம்.

நிறைவாக

இவ்வரலாற்றில் தமிழுக்கும் ஓர் இடம் உண்டு. கட்டுமானத் தளங்களின் வேலியில் நான்கு மொழிகளில் எழுதப்பட்ட எச்சரிக்கைப் பலகையில் 'அபாயம்' என்னும் தமிழ்ச்சொல் நிற்கிறது. தமிழகத்திலிருந்து வரும் தொழிலாளர்க்குப் பாதுகாப்புப் பயிற்சிகள் தமிழிலும் நடத்தப்படுகின்றன. இலக்கியம் வளர்க்கும் மொழி உயிரையும் காக்கிறது. அனுமதிச் சீட்டில் உள்ளதைப் படித்தறியவும், அறியாததைக் கேட்டறியவும், ஆபத்தைக் கண்டபோது 'நிறுத்துங்கள்' என்று அஞ்சாமல் சொல்லவும் ஒருவனைப் பழக்குவது கல்வி. அப்பழக்கம் வகுப்பறையிலேயே தொடங்க வேண்டியது.

ஸ்பைரோஸ் கப்பலில் மாண்ட 76 பேரும் அன்று காலையில் வீட்டில் விடைபெற்று வேலைக்குச் சென்றவர்களே. மாலையில் அவர்கள் வீடு திரும்பியிருக்க ஒரு சோதனை போதுமானதாக இருந்திருக்கும். மூன்று மீன்களின் கதையில் முதல் மீன் மற்ற இரண்டினும் வலிமை மிக்கதன்று. வலை வருமுன் எண்ணிப் பார்த்தது, அவ்வளவே. வேலைக்குப் போனவர் வீடு திரும்புவது என்பது எல்லாத் தொழிலுக்கும் முதல் கூலி. அதனைக் கொடுத்தபின்னரே மற்றைய கணக்குகளைப் பார்க்க வேண்டும்.