அப்பாவின் டார்ச் லைட்

அரக்கோணம் ஜங்ஷனில் ராத்திரி இறங்குகிறவர்களுக்கு இரண்டு வெளிச்சம் வேண்டும். ஒன்று, பிளாட்பாரத்தில் ரயில்வேக்காரர்கள் போட்டு வைத்திருப்பது. மற்றது, ஊர் எல்லை தாண்டியபின் அவரவர் கையில் இருக்க வேண்டியது. இந்த இரண்டாவது வெளிச்சத்தின் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

இந்த ஊருக்கும் கைவிளக்குக்கும் பழைய உறவு. 1856-ஆம் வருஷம் ஜூலை முதல் தேதி, ராயபுரத்திலிருந்து ஆற்காட்டை நோக்கித் தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டபோது இவ்வழியாகத்தான் போயிற்று. பிறகு இங்கிருந்து வடமேற்கே ஒரு பாதை பிரிந்து சென்று, 1871-ல் ராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையோடு சேர்ந்து கொண்டது. பாதை பிரிகிற ஊரில் ராத்திரியெல்லாம் கைகாட்ட ஆள் வேண்டும். ஆளின் கையில் விளக்கு வேண்டும். சிவப்பு, பச்சை, வெள்ளை என்று மூன்று நிறம் காட்டும் எண்ணெய் விளக்கு. கை சுடும், கண்ணாடியில் கரி படியும். ஆனாலும் வண்டி நிறையத் தூங்குகிறவர்களின் உயிர் அந்தச் சிறு சுடரை நம்பியிருந்தது.

சுடர் இல்லாத கைவிளக்குக்கு முதலில் மின்சாரத்தைப் பையில் போட்டுக் கொள்ள வழி வேண்டுமே? 1866-ல் லெக்லாஞ்சே என்ற பிரெஞ்சுக்காரர் செய்த மின்கலத்தில் திரவம் இருந்தது; சாய்த்தால் கொட்டும். 1886-ல் ஜெர்மானியரான காஸ்னர் அதைக் கொட்டாத பசையாக்கினார். 1899 ஜனவரியில் அமெரிக்காவில் டேவிட் மிஸெல் என்பவர், குழாய்க்குள் கட்டைகளை வரிசையாக அடுக்கி முனையில் பல்பு வைத்த விளக்குக்குப் பேடண்ட் வாங்கினார். அன்றைய கட்டைக்கும் பல்புக்கும் தெம்பு போதாது. பளிச்சென்று ஒரு கணம் எரியும். உடனே விரலை எடுத்துவிட வேண்டும். ‘பிளாஷ் லைட்’ என்ற பெயர் அந்தப் பலவீனத்தால் வந்ததுதான்!

நம் நாட்டில் எவரெடி கம்பெனி 1934-ல் பதிவாயிற்று. 1939-ல் கல்கத்தாவிலும், 1952-ல் சென்னையிலும் பாட்டரித் தொழிற்சாலைகள் எழுந்தன. 1958-ல் லக்னோவில் டார்ச் லைட் செய்ய ஆரம்பித்தார்கள். அதற்கப்புறம் டார்ச் ஒரு குடும்பச் சொத்து.

எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. மூன்று கட்டை போடுகிற, கனமான பித்தளை டார்ச். அப்பாவின் கட்டிலுக்கு மேலே ஆணியில் தொங்கும். நாங்கள் தொட்டால், “கட்டை தீர்ந்து போகும்டா!” என்று அதட்டல் விழும். தீர்ந்த கட்டையை வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டுவதுண்டு. அம்மா மட்டும் அதைத் தொட்டதே இல்லை. விடிவதற்கு முன் இருட்டிலேதான் கிணற்றடிக்குப் போவாள். ஒரு மழைக்காலத்து விடியலில் படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை ஒடித்துக் கொண்டாள். டார்ச் ஆணியிலேயே தொங்கிக் கொண்டிருந்தது. அது யாருக்கும் விபரீதமாகத் தோன்றவில்லை. எனக்கும்தான்.

1959-ல் அந்தக் கம்பெனி யூனியன் கார்பைடு இந்தியா என்று பெயர் மாறிற்று. 1984 டிசம்பரில் ஓர் இரவு, போபாலில் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்ற விஷவாயு அதே கம்பெனியின் ஆலையிலிருந்துதான் கசிந்தது. வெளிச்சத்தின் சரித்திரத்தில் இந்த இருட்டையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

இப்போது பல்பு போய் எல்.இ.டி. வந்துவிட்டது. 1962-ல் அமெரிக்காவில் ஹோலோன்யாக் சிவப்பு ஒளி தரும் எல்.இ.டி.யைச் செய்து காட்டினார். பிரகாசமான நீலத்துக்கு 1993 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜப்பானியரான நாகமுரா அதைச் சாதித்தார். நீல ஒளியின் ஒரு பகுதியை ஒரு ரசாயனப் பூச்சு மஞ்சளாக்க, இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. அந்த நீலத்துக்காக நாகமுராவுக்கும், அகாசாகி, அமானோ என்ற இருவருக்கும் 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த நோபல் பரிசை அரக்கோணம் ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு சின்னக் கடையில் கூறுகட்டி விற்கிறார்கள். கடைக்காரர் என் முன் மூன்றை வைத்தார்.

“இது ஒன்பது முத்து வெச்சது சார், மூணு சின்னக் கட்டை. புதுசுல பளிச்சுனு அடிக்கும்; போகப் போக மங்கிடும். இது சார்ஜ் போடறது, உள்ளே ஈய பாட்டரி. மாசக்கணக்கா சும்மா போட்டு வெச்சா செத்துடும். இது லித்தியம். நல்லா உழைக்கும். ஆனா அட்டைமேல போட்டிருக்கிற கணக்கை நம்பாதீங்க.”

அப்போது தலையில் கீரைக் கூடையோடு ஒரு கிழவி வந்தாள்.

“ஏம்பா, ஆச்சா?”

“ஆச்சு ஆயா. கழுத்துல மாட்டிக்கக் கயிறு போட்டிருக்கேன். கண்ணு கூசுதுன்னியே, மஞ்சக் காயிதமும் ஒட்டியிருக்கேன்.”

முதல் வண்டிக்கு இருட்டிலேயே வரப்பில் நடந்து வருகிறவளாம். டார்ச்சை ஒரு முறை தரையில் அடித்துப் பார்த்தாள். திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனாள்.

மறுவாரம் அப்பாவின் டார்ச்சை அவரிடம் எடுத்துப் போனேன். மூன்று கட்டைக்கு நாலரை வோல்ட். எல்.இ.டி.க்கு மூன்றேகால் போதும். மிச்சத்தைத் தாங்க நாலு ஓம் அளவில் ஒரு ரெஸிஸ்டர் வைத்தார். சூட்டை வாங்கிக் கொள்ளப் பித்தளை உடம்பே இருக்கிறது என்றார்.

இப்போது அது எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவருகே, கைக்கெட்டும் உயரத்தில் தொங்குகிறது. யார் எடுத்தாலும் யாரும் கேட்பதில்லை. அம்மாதான் இல்லை.