விற்கலாகாத நிலம்

1884-ஆம் ஆண்டை ஒட்டி, இலண்டனைச் சேர்ந்த டெட்ஃபர்டு என்னுமிடத்தில் நிலவுடைமையாளர் ஒருவர், தம் முன்னோர் வளர்த்த பழந்தோட்டத்தைப் பொதுமக்களுக்கே அளித்துவிட விரும்பினார். கொடுக்க மனமிருந்தது; பெற்றுக்கொள்ளத்தான் ஆளில்லை. நாட்டு மக்கள் அனைவரின் சார்பிலும் ஒரு நிலத்தைப் பெற்று, அதை என்றென்றும் காத்து நிற்பதற்கென்று அமைந்த நிறுவனம் அந்நாளில் இங்கிலாந்தில் இல்லை. அக்குறையைத் தீர்த்த மூவரைப் பற்றி, மாணவ நேயர்களே, இன்று உங்களுக்குக் கூற விழைகிறேன்.

கிராமத்தார் ஆடுமாடு மேய்த்தும் விறகு பொறுக்கியும் வந்த பொதுவெளிகள் அங்கே பல இருந்தன. நம் ஊர் மேய்ச்சல் புறம்போக்கை எண்ணிக்கொண்டால் ஓரளவு விளங்கும். 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் பாராளுமன்றம் இயற்றிய ஆயிரக்கணக்கான சட்டங்களால் அவை வேலியிடப்பட்டுத் தனியார் உடைமையாயின. நிலமிழந்தோர் பலர் நகரங்களுக்குச் சென்றனர். ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் என்று திருச்சபை கூறிற்று. ஆனால் இலண்டன் ஏழைக்கு அந்நாளில் காலாற நடக்கப் புல்தரை எங்கே இருந்தது?

இவ்வினாவை ஒக்டேவியா ஹில் என்னும் பெண்மணி நெஞ்சில் ஏற்றுக்கொண்டார். 1838-இல் பிறந்த அவர், பிரடெரிக் டெனிசன் மாரிஸ் என்னும் குருவானவரின் போதனையால் உருவானவர். கடவுளின் அரசு மறுமையில் மட்டும் காணவேண்டியதன்று, இம்மண்ணிலும் அதற்கு உழைக்கவேண்டும் என்பது மாரிஸின் கொள்கை. ஒக்டேவியா 1865 முதல் ஏழைகளின் குடியிருப்புகளை ஏற்று நடத்தினார். குடியிருப்போரை அவ்வப்போது நாட்டுப்புறத்துக்கு அழைத்துச் சென்றார். 1875-இல் சுவிஸ் காட்டேஜ் வயல்வெளியை விலைக்கு வாங்கப் பெருந்தொகை திரட்டினார். உரிமையாளர் பின்வாங்கிவிட, அங்கே வீடுகள் எழும்பின. நல்லெண்ணமும் நன்கொடையும் மட்டும் போதா என்பதை அத்தோல்வி காட்டிற்று.

இரண்டாமவர் ஹார்ட்விக் ரான்ஸ்லி, ஆங்கிலத் திருச்சபையின் குரு. வட இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில், 1883 முதல் கெசிக் நகரை அடுத்த கிராஸ்த்வெயிட் பங்கில் பணியாற்றினார். அவ்வாண்டே ஒரு சோதனை வந்தது. கற்பலகைச் சுரங்க முதலாளிகள், டெர்வென்ட்வாட்டர் ஏரியின் மேற்குப்புறமாக இருப்புப்பாதை அமைக்க மசோதா கொணர்ந்தனர். ரான்ஸ்லி நாடெங்கும் கடிதம் எழுதி எதிர்ப்பைத் திரட்ட, மசோதா திரும்பப் பெறப்பட்டது. அடுத்து லாட்ரிக் என்னும் குன்று. மக்கள் காலங்காலமாக ஏறிவந்த பாதையை நிலக்கிழார் அடைத்துவிட்டார். ரான்ஸ்லியைத் தலைவராகக் கொண்ட நடைபாதைச் சங்கம் வழக்காடத் துணிந்தது. 1887 அக்டோபரில் ஏறத்தாழ 2,000 பேர் தடைகளைக் கடந்து அக்குன்றின்மேல் ஏறினர்! அந்த ஊர்வலத்தில் ரான்ஸ்லி கலந்துகொள்ளவில்லை. குருவானவர்க்கு அத்தனை தூரம் போக மனம் ஒப்பவில்லை போலும். மறு ஆண்டு வழக்கு உடன்பாட்டில் முடிந்து, உச்சிக்குச் செல்லும் பாதை மக்களுக்கு உரியதாயிற்று.

மூன்றாமவர் ராபர்ட் ஹண்ட்டர், வழக்கறிஞர். பக்தியும் பரிவும் மற்ற இருவரிடம் மிகுந்திருந்தன; அவற்றுக்கு ஒரு சட்ட வடிவம் கொடுத்தவர் இவரே. பொதுமக்களுக்காக நிலத்தை வாங்கிக் காக்கும் நிறுவனம் ஒன்று வேண்டும் என்று 1884-இல் பர்மிங்காமில் நடந்த மாநாட்டில் எடுத்துரைத்தார். அது கைகூடப் பத்தாண்டுக்கு மேலாயிற்று. 1895 ஜனவரியில் நேஷனல் டிரஸ்ட் என்னும் தேசிய அறநிறுவனம் பதிவாயிற்று. அவ்வாண்டே வேல்சில் பார்மத் ஊருக்கு மேலுள்ள டினாஸ் ஒலே என்னும் 4½ ஏக்கர் மலைச்சரிவு முதற்கொடையாக வந்து சேர்ந்தது.

பழைய தமிழ் வேதாகமத்தில் உக்கிராணக்காரன் என்றொரு சொல் உண்டு. தலைவனின் பொருளைப் பொறுப்பேற்றுக் காத்துக் கணக்கு ஒப்புவிப்பவன் அவன், பொருள் அவனுடையதன்று. படைப்பு கடவுளுடையது, மனிதன் அதற்கு உக்கிராணக்காரன் என்னும் நம்பிக்கை கிறிஸ்தவ உலகில் நெடுங்காலம் பேசப்பட்டதுதான். ஆயின் 1907-ஆம் ஆண்டு நேஷனல் டிரஸ்ட் சட்டத்தில் அது நீதிமன்றம் ஏற்கும் வாசகமாகவே மாறிவிட்டது என்பது என் கருத்து. அச்சட்டப்படி, இந்நிலம் கைமாற்றத் தகாதது என்று அந்நிறுவனம் அறிவித்துவிடலாம். அறிவித்தபின் அந்நிறுவனமேகூட அதை விற்கவோ அடகு வைக்கவோ இயலாது. வைத்திருப்பவனையே கட்டுப்படுத்தும் உடைமை! வரலாறு கற்பித்த காலத்தில் நான் மாணவர்க்கு மிகவும் விருப்பத்தோடு விளக்கிய சட்டங்களில் இதுவும் ஒன்று.

ஒக்டேவியாவைக் குறையற்றவராக நீங்கள் கொள்ள வேண்டியதில்லை. ஏழைகளுக்காக வாழ்ந்த அவரே, முதியோர்க்கு அரசு ஓய்வூதியம் அளிப்பதையும் பெண்களுக்கு வாக்குரிமை வழங்குவதையும் எதிர்த்தார். அவ்விரண்டிலும் காலம் அவர் பக்கம் நிற்கவில்லை. நிலத்தைப் பற்றிய செய்தியில் நின்றது.

டெர்வென்ட்வாட்டரின் மேற்குக் கரையில் பிராண்டல்ஹவ் என்னும் காட்டுப்பகுதி விலைக்கு வந்தபோது 6,500 பவுன் தேவைப்பட்டது. செல்வர்கள் மட்டுமல்லர், ஆலைத் தொழிலாளர்களும் ஷில்லிங் கணக்கில் அனுப்பினர். சில மாதங்களில் தொகை நிறைந்தது. 1902 அக்டோபரில் விக்டோரியா அரசியின் மகளாகிய லூயிஸ் இளவரசி அதைத் திறந்து வைத்தார். இருப்புப்பாதை வராமல் ரான்ஸ்லி காத்த அதே கரைதான் அது.

ஒக்டேவியா 1912-இல் மறைந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்ய இடம் அளிக்க முன்வந்தனர். அவரோ கென்ட் பகுதியிலுள்ள கிராக்கம் ஹில் என்னும் சிற்றூரையே முன்னதாகக் குறித்து வைத்திருந்தார். அவ்வூர்த் தேவாலயத் தோட்டத்தில், தம் தமக்கையின் அருகே, பொதுமக்களுக்காக அவர் மீட்டுக்கொடுத்த குன்றுகளுக்குப் பக்கத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது.